வலக்கையும் வலக்காலும்

கலாதேவி நடப்பதில் யாரும் குறை சொல்ல முடியாது. லகாட் சந்தையில் இரண்டு கையிலும் பையோடு கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்து அரை நிமிடத்துக்குள் அடுத்த வகுப்பில் நிற்பாள். ஆனால் யாராவது பக்கத்தில் நின்று "இடது, வலது" என்று எண்ண ஆரம்பித்தால் போச்சு. வலது கால் முன்னே போகும்போது வலது கையும் கூடவே முன்னே போகும். இடது காலோடு இடது கை. மற்றவர்களுக்குக் கையும் காலும் மாறி மாறி வீசும். அவளுக்கு ஒரு பக்கம் முழுசாகத் திரும்பும், பிறகு மறுபக்கம் முழுசாகத் திரும்பும். பார்க்கிறவர்களுக்கு ஒரு கதவு நடந்து வருவது மாதிரி இருக்கும்.

இது அவளுக்குப் பதினாலு வயதில் தெரிந்தது. அப்போது வீடு பீடோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அப்பா பிச்சைமுத்து பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார். இடைநிலைப் பள்ளியில் எல்லாரும் ஏதாவது ஒரு சீருடை இயக்கத்தில் சேரவேண்டும் என்றார்கள். கலாதேவி காடெட் படையில் பெயர் கொடுத்தாள். முதல் வாரமே பயிற்சி கொடுத்த ஆசிரியர் வரிசையை நிறுத்தி, அவளை மட்டும் தனியாக நடக்கச் சொன்னார். நடந்தாள். திரும்ப நடக்கச் சொன்னார். மூன்றாவது தடவை வரிசையில் பாதிப் பேர் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் திட்டவில்லை. முதலுதவிப் பையை எடுத்து அவள் தோளில் மாட்டி, "நீ இதப் பாத்துக்க" என்றார்.

நாலு வருடம் அதைப் பார்த்துக்கொண்டாள். வருகைப் பதிவேடு, தண்ணீர்ப் பீப்பாய், மற்றவர்களின் காலணிப் பைகள் எல்லாம் அவள் பொறுப்பு. தாப்பா திடலில் மாவட்ட அணிவகுப்பு நடந்த அன்று, பிச்சைமுத்து வேலை முடித்த கையோடு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். வேலிக்கு வெளியே நின்று கடைசி அணி போகிறவரைக்கும் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்.

"நீ எங்கம்மா நின்ன? கண்ணுக்கே தெரியல."

"பின்வரிசைப்பா."

அவர் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தோட்டத்தில் நாலு பேரிடம் தன் மகள் தாப்பாவில் அணிவகுத்து நடந்தாள் என்று சொன்னார். கலாதேவி அதைத் திருத்தவில்லை. சில வருடம் கழித்து அவர் இறந்துபோனார். அவர் நம்பித்தான் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது அவளுக்குத் தெரியாது.

பிறகு ஆசிரியர் பயிற்சி, ஜொகூரில் ஏழு வருடம், அதற்கு நடுவிலேயே கல்யாணம், பிறகு பேராக்குக்கு மாற்றல். கணவன் தேவன் தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தான். வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் லகாட் வீட்டுக்கு வருவான். ஒரே பையன் தீபன் படிவம் நான்கு, பதினாறு வயது. கலாதேவி வேலை செய்த தமிழ்ப்பள்ளி, வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்துக்குள் இருந்தது. தோட்ட மக்கள் எல்லாரும் ஈப்போ பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. ஒரு வேனும் நாலைந்து கார்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கும். மொத்தம் நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒன்பது ஆசிரியர்கள்.

ஒவ்வொரு வருடமும் பொறுப்புகளைப் பிரிக்கும் நாளில் கலாதேவி முந்திக்கொண்டு சதுரங்கத்தையும் நூலகத்தையும் கேட்டு வாங்கிவிடுவாள். 2023இல் அது நடக்கவில்லை. காடெட் படையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் கெடாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். தலைமையாசிரியர் தனேஸ்வரன் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"டீச்சர், காடெட்டை உங்க பேர்ல போட்டிருக்கேன்."

"சார், எனக்குக் காவாட் வராது." காவாட் என்றால் அணிநடை. அந்த மலாய்ச் சொல்லைத்தான் எல்லாப் பள்ளியிலும் சொல்வார்கள்.

"யாருக்குத்தான் வருது? நடக்கப் போறது பிள்ளைங்க. நீங்க பக்கத்துல நின்னு பாத்தா போதும்லா."

பக்கத்தில் நின்று பார்ப்பதில் அவளுக்கு நாலு வருட அனுபவம் இருந்தது. அதனால் சரி என்றாள்.

புதன்கிழமை மத்தியானங்களில் பயிற்சி. நாலாம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் சேர்த்தே பத்தொன்பது பேர்தான். ஒரு அணிக்கு இருபத்தொரு பேர் வேண்டும். மூன்றாம் ஆண்டில் கொஞ்சம் வளர்த்தியாக இருந்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டாள். ஆறாம் ஆண்டு யுகேஷினியை அணித்தலைவி ஆக்கினாள். ஒல்லியான பெண். ஆனால் அவள் விறைப்பாக நிற்கச் சொல்லி "சிடியா!" என்று கத்தினால் கண்டீனில் தட்டுக் கழுவுகிற அக்காவும் நிமிர்ந்து நிற்பாள்.

கலாதேவி நன்றாகவே பயிற்சி கொடுத்தாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வரிசைக்கு வெளியே நின்று பார்த்தவளுக்கு, வரிசைக்குள் என்னென்ன தப்பு வரும் என்பது அத்துப்படி. யார் அரைக்கால் முந்துகிறார்கள், யார் முழங்கையை மடக்குகிறார்கள், திரும்பும்போது யார் கீழே பார்க்கிறார்கள் என்று திடலின் அந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடுவாள். ஜூன் மாதத்துக்குள் பிள்ளைகள் ஒழுங்காக நடந்தார்கள்.

ஜூன் கடைசியில் அணிவகுப்பைப் பற்றிய கடிதம் வந்தது. ஆகஸ்டு மாதம், சனிக்கிழமை காலை, ஈப்போவில் ஒரு திடல். இருபத்தாறு பள்ளிகள். நாலாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ஒவ்வொரு அணிக்கும் முன்னால் பொறுப்பாசிரியர் சீருடையில் அணிவகுத்துச் செல்ல வேண்டும். கலாதேவி அந்த வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் பழைய ஈயக்குட்டையை ஒட்டிப் போகிற தார் ரோட்டில் நடந்து பார்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் எதுவும் மாறவில்லை. வலது கால், வலது கை. நின்று, மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதே. தீபன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"மா, நீங்க யோசிக்கிறீங்க. யோசிக்காம நடங்க."

"யோசிக்காம எப்படிடா நடக்கிறது?"

"சந்தைக்குப் போறப்ப நடக்கிறீங்கள்ல?"

அடுத்த வாரம் தேவனும் வந்தான். அவன் யோசனை வேறு. "மருத்துவ விடுப்பு எடுத்துடு. முட்டி வலின்னு சொல்லு. உனக்கு முட்டி வலி இருக்குதான?" இருந்தது. ஆனாலும் அவள் நடந்தாள். எங்கே தப்பு என்று காட்டுவதற்காக அவனும் பக்கத்தில் நடந்தான். தன் கையைப் பார்த்து, காலைப் பார்த்து, இருபது அடி போனதும் அவனுக்கும் வலது காலோடு வலது கை போக ஆரம்பித்துவிட்டது. ரோட்டின் நடுவில் நின்று கையைப் பார்த்தான். தீபன் சிரித்துச் சிரித்துச் சைக்கிளோடு சாய்ந்துவிட்டான். "இது ஒட்டிக்குது போல" என்று தேவன் வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் முட்டி வலியைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அவளே கண்டுபிடித்தாள். தீபன் பக்கத்தில் ஏதாவது பேசிக்கொண்டே வந்தால் கை சரியாக வீசியது. பேச்சு நின்றால் தப்பியது. மனசுக்கு வேறு வேலை கொடுத்தால் கால் தன்பாட்டுக்குப் போகும். வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள். அதில் எண் இருந்ததால் எண்ணுவது போலாகி உடனே தப்பியது. கடைசியில் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் உதவியது. அபினேஷ், தர்வின், கவிலன், லிவேஷா என்று வருகைப் பதிவேட்டு வரிசையில் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனால், இருபத்தொரு பெயரும் முடியும்வரை கை ஒழுங்காக இருந்தது. பட்டியல் முடிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்குகிற இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

ஜூலை நடுவில் முதல் தடவையாகப் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்தாள். கவிலன் பெயரைச் சொல்லும்போது, அவன் அன்று பள்ளிக்கு வரவில்லை என்று ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். கதவு நடக்க ஆரம்பித்தது. பின்னால் முதல் வரிசை அவளைப் பார்த்துத் தடுமாறியது. அதைப் பார்த்து இரண்டாவது வரிசை. மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். யுகேஷினி அணியை நிறுத்தினாள். வேகமாக முன்னால் வந்து கலாதேவிக்கு எதிரே விறைப்பாக நின்றாள்.

"டீச்சர், கை தப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சே ஏன் தப்பா போடுறீங்க?"

"எனக்கு அப்படித்தான் வருது, யுகேஷினி. சின்னதுல இருந்தே. மாத்த முடியல."

யுகேஷினி அவள் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதில் சிரிக்கவோ பரிதாபப்படவோ ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்ப நாங்க உங்களப் பாக்க மாட்டோம் டீச்சர். உங்க தொப்பிக்கு மேல பாக்கிறோம். அங்க கையில்ல."

அணிக்குத் திரும்பி, "எல்லாரும் தொப்பிக்கு மேல!" என்று கத்தினாள். அன்றைக்கு மூன்று சுற்று நடந்தார்கள். இரண்டு சுற்றில் கலாதேவிக்குத் தப்பியது. அணிக்கு ஒரு தடவையும் தப்பவில்லை.

அணிவகுப்புக்கு இரண்டு நாள் முன்பு ஈப்போ திடலில் ஒத்திகை நடந்தது. அதை நடத்தியவர் ஸ்கந்தராஜா, ஓய்வுபெற்ற போலிஸ் அதிகாரி. எழுபதை நெருங்கியவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு குறிப்பேடு. கலாதேவிக்குக் கை தப்பியபடியே அவள் அணி கடந்துபோனபோது அவர் எதுவும் எழுதவில்லை. ஒத்திகை முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போன பிறகு, அவளைக் கூடாரத்து நிழலுக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்கட பிள்ளைகள் நல்லா நடக்கினம். உண்மையா நல்லா இருக்கு."

"நன்றி சார்."

"நான் ஒண்டு சொல்லுறன், தப்பா எடுக்க வேண்டாம். சனிக்கிழமை முதலுதவிக் கூடாரத்தில ஆள் குறையுது. நீங்கள் அங்க நிக்கலாம். உங்களுக்குப் பதிலா வேற பள்ளி ஆசிரியர் ஒராள முன்னுக்கு விடலாம். விதியில அதுக்கு இடம் இருக்கு. ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

அவர் குரலில் ஏளனம் எதுவும் இல்லை. ஒரு வசதியைக் காட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். கலாதேவிக்குச் சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. கூடாரத்தில் மேசை மேல் முதலுதவிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அந்த வேலை அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை காலை அங்கே நின்று, மயங்கி விழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போகலாம். முன்பு அவளிடம் யாரும் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். இவர் கேட்கிறார். கேட்டால் பதில் சொல்லலாம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

"நானே நடந்துக்கிறேன் சார்."

"அப்ப சரி. பதினாறாவது அணி. எட்டு மணிக்கு நிக்க வேணும்" என்று ஸ்கந்தராஜா குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்.

சனிக்கிழமை வெயில் ஏழரைக்கே ஏறிவிட்டது. தூரத்துச் சுண்ணாம்பு மலைகள் புகைமூட்டத்தில் பாதிதான் தெரிந்தன. பிரமுகர் வருவதற்கு ஒன்பதே கால் ஆனது. பேச்சு முடியப் பத்து. அதுவரை பிள்ளைகள் நின்றார்கள். மற்ற பள்ளிகளில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். கலாதேவியின் அணியில் யாரும் விழவில்லை. காலையில் எல்லாருக்கும் வேனில் வைத்தே ரொட்டியும் மைலோவும் கொடுத்திருந்தாள்.

பதினாறாவது அணியின் முறை வந்தது. யுகேஷினியின் குரல் பின்னாலிருந்து வந்தது: "டாரி கிரி, செப்பாட் ஜாலான்!" இடது காலில் தொடங்கி வேகமாக நட என்ற கட்டளை அது. கலாதேவி இடது காலை எடுத்து வைத்தாள். அபினேஷ், தர்வின், கவிலன், லிவேஷா. கை சரியாக வீசியது. பட்டியல் ஒரு முறை முடிந்து, தடங்கல் இல்லாமல் மறுபடி ஆரம்பித்தது. மேடைக்கு முன்னால் வெள்ளைக்கோடு வந்தது. "பண்டாங் கே கானான், பண்டாங்!" பிள்ளைகளின் தலைகள் வலப்பக்கம் திரும்பின. கலாதேவி வலக்கையைத் தூக்கி வணக்கம் வைத்தாள். இடக்கை உடம்போடு ஒட்டி நின்றது. மேடையைக் கடக்கும்வரை ஆசிரியருக்குக் கை வீசுகிற வேலையே இல்லை. அந்த முப்பது அடியை அவள் வேறு எந்த ஆசிரியரையும் போலவே கடந்தாள்.

கோடு முடிந்ததும் கையை இறக்க வேண்டும். இறக்கினாள். பட்டியலில் எந்தப் பெயரில் நின்றோம் என்று தெரியவில்லை. லிவேஷாவா, அதற்கு அடுத்ததா? அதை யோசித்த நேரத்தில் வலது கால் முன்னே போனது, வலக்கையும் போனது.

திடலின் மூலை வரைக்கும் இன்னும் நாற்பது ஐம்பது அடி இருந்தது. அந்தப் பக்கம்தான் பெற்றோர்கள் நின்றார்கள். தப்பிவிட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நடுவில் நிறுத்தித் திருத்த முடியாது; நின்றால் பின்னால் இருபத்தொரு பேர் வந்து மோதுவார்கள். ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது, பிறகு இன்னும் சிலர். பின்னால் பிள்ளைகளின் காலடி ஒரே சத்தமாக விழுந்துகொண்டிருந்தது. "கிரி, கானான், கிரி" என்ற யுகேஷினியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கலாதேவி நிமிர்ந்த தலையோடு, வலக்கையும் வலக்காலும் சேர்ந்து வீச, மூலைவரை நடந்து திரும்பினாள்.

முடிவு பன்னிரண்டு மணிக்கு வந்தது. இருபத்தாறில் ஏழாவது இடம். அந்தப் பள்ளி அதற்கு முன் பதினெட்டைத் தாண்டி மேலே வந்ததில்லை. மதிப்பெண் தாளில் ஆசிரியரின் நடைக்கென்று ஒரு கட்டமே இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

யாரோ ஒரு பெற்றோர் அந்த மூலையை மட்டும் படம் பிடித்திருந்தார். பதினெட்டு விநாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அது பாட்டுச் சேர்க்கப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. டிக்டாக்கில் அறுபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். தீபன்தான் முதலில் கொண்டுவந்து காட்டினான். காட்டுவதா வேண்டாமா என்று அரை நாள் யோசித்திருப்பான் போல.

"மா, கமெண்ட் மட்டும் படிக்காதீங்க."

படித்தாள். சிலர் ரோபோ என்றார்கள். ஒருவர், இவருக்கெல்லாம் யார் ஆசிரியர் வேலை கொடுத்தது என்று கேட்டிருந்தார். படத்தை மூன்று தடவை பார்த்தாள். முதல் தடவை தன் கையையும் காலையும்தான் பார்த்தாள். இரண்டாவது தடவை தன் முகத்தைப் பார்த்தாள். உள்ளே இருந்த கலவரம் அதில் இல்லை. ஏதோ வேலையாகப் போகிற ஆள் மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை பின்னால் வந்த பிள்ளைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு கையும் ஒரே உயரம். இரண்டாவது வரிசையில் தர்வினின் காலுறை மட்டும் கணுக்கால்வரை இறங்கியிருந்தது.

மறுநாள் காலை தேவன் தஞ்சோங் மாலிமிலிருந்து போன் செய்தான். தொழிற்சாலையில் கூட வேலை செய்பவன் காட்டினானாம். "இவங்க யார் தெரியுமான்னு கேட்டான். என் பொண்டாட்டின்னு சொன்னேன். அப்புறம் பேசாம போய்ட்டான்."

"நீ கோவமா சொன்னியா?"

"இல்லலா. சும்மாத்தான் சொன்னேன்."

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லாரும் அளவுக்கு மீறிப் பாட நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தனேஸ்வரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நாமாகப் பேச வேண்டாம், தானாக அடங்கிவிடும் என்றார். பள்ளிச் சபைகூடலில் ஏழாவது இடத்தை அறிவித்தபோது பிள்ளைகள் வெகுநேரம் கை தட்டினார்கள். அவர் சொன்னபடியே அடங்கியது. அடுத்த வாரம் கோப்பேங் பக்கம் ஒரு குரங்கு, ஐஸ்கிரீம் விற்பவரின் மோட்டார் சைக்கிள் பின்னிருக்கையில் உட்கார்ந்து போன படம் வந்தது. எல்லாரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கலாதேவிக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை. ஒரு மாதம் சந்தைக்குத் தீபனை அனுப்பினாள். தானாக நடக்கும்போதும் கையைக் கவனிக்கிற பழக்கம் வந்து, நடைபாதையில் இரண்டு மூன்று தடவை தப்பியது. பிறகு அந்தப் பழக்கமும் போய்விட்டது.

மறுவருடம் பொறுப்புகளைப் பிரிக்கும் கூட்டத்தில் தனேஸ்வரன் ஒரு புது ஆசிரியரை அறிமுகப்படுத்தினார். பவித்ரன், இருபத்தாறு வயது, கல்லூரியில் அணிநடைப் போட்டியில் பரிசு வாங்கியவர். தனேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காடெட்டை இவரு எடுத்துக்கிறேன்னு சொல்றாரு, டீச்சர். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு."

"வேணாம் சார். நானே வச்சுக்கிறேன்."

"முன்னால நடக்கிறதாவது இவரு…"

"பொறுப்பாசிரியர்தான் நடக்கணும்னு கடிதத்துல இருக்கு சார். வலப்பக்கம் திரும்புறது பிள்ளைங்களுக்கு இன்னும் சரியா வரல. அதுக்கு இவரு வந்து உதவி செஞ்சா நல்லாருக்கும்."

பவித்ரன் சரி என்று தலையாட்டினார். தனேஸ்வரன் எழுதிக்கொண்டார்.

யுகேஷினி இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டதால் புதுத் தலைவர் வேண்டியிருந்தது. முதல் புதன்கிழமை கலாதேவி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைத் திடலின் ஒரு கோடியில் நிறுத்தி, மறுகோடியில் தான் நின்றுகொண்டு, ஒவ்வொருவராக "பெர்ஹென்தி" என்று கத்தச் சொன்னாள். நில் என்று அர்த்தம். சிலர் குரல் பாதித் திடலிலேயே விழுந்துவிட்டது. கவிலனுக்கு இருமல் வந்தது. ஐந்தாவதாக லிவேஷா வந்தாள். சாதாரணமாக வகுப்பில் பதில் சொன்னால் காதில் விழாத பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

வேலிக்கு வெளியே செம்மண் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த லாரி பிரேக் பிடித்து நின்றது. ஓட்டுநர் சன்னலில் தலையை நீட்டினார்.

"என்னா டீச்சர்? என்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே, நீங்க போங்க" என்று கலாதேவி கை காட்டினாள். லாரி கிளம்பிப் போனது. அவள் பதிவேட்டைத் திறந்து, லிவேஷா பெயருக்கு நேரே ஒரு குறி போட்டுவிட்டு, ஆறாவது பிள்ளையைக் கூப்பிட்டாள்.